அரைக் கட்டை கீழே

ஜனவரி 12
வானிலை நிலையம், தீவு

அன்புள்ள திருப்புளிக்கு,

நான் சுகம். ஜலதோஷம் மட்டும் என்னோடு படகேறி வந்துவிட்டது, இறங்க மாட்டேன் என்று அடம். நீ, அம்மா, அம்மாவின் முழங்கால், மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

இங்கே நாங்கள் நான்கு பேர், ஒரு காற்றுமானி, கணக்கில்லாத கடற்காகங்கள். தொலைபேசி இருக்கிறது, ஆனால் அது அளவீடுகளை அனுப்புவதற்கு மட்டும். சொந்தக் கதை பேசப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் படகுதான் கதி. ஆகவே, கடிதம் எழுதப் பழகு.

இப்போது விஷயம். பாடகி ஒத்துக்கொண்டுவிட்டார்! 'கண்ணாடி மூச்சு' குழுவின் முதல் ஆல்பம் 'ஈரம் காயுமுன்' பதினெட்டு வருடம் கழித்து இசைத்தட்டாக வரப்போகிறது. எங்கள் ரசிகர் மன்றமே போடுகிறது, முந்நூறு தட்டு. இரண்டு வருடம் அவர் பின்னால் அலைந்தேன். கடைசியில், 'உள்ளது உள்ளபடி வரும், ஒரு மயிரிழைகூட மாறாது, அதற்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதைப் படித்த பிறகுதான் மூல நாடாவை எங்கள் தலைவரான பல் டாக்டரிடம் கொடுத்திருக்கிறார். பார், நான் தீவுக்கு வந்த பிறகு!

அந்த நாடாவைக் கணினியில் ஏற்ற நம்பிக்கையான ஆள் வேண்டும். எடைக்கருவிக்கும் வெப்பமானிக்கும் சரி தப்பு பார்க்கிற அளவுதிருத்தப் பொறியாளர் ஒருவர் எனக்குத் தம்பியாக வாய்த்திருக்கிறார். உனக்கு இந்தப் பாட்டு பிடிக்காது, தெரியும். பிடிக்காதவனுக்குத்தான் கை நடுங்காது.

ஒரே ஒரு நிபந்தனை. எதையும் சரிசெய்து தொலைக்காதே.

மூக்கைச் சிந்தியபடி,
அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலம். முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் உடம்பு சரியில்லை என்கிறது. உன் ஜலதோஷத்துக்கு ஆவி பிடி.

உன் மன்றத்தின் முதல் ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். பல் டாக்டரின் காத்திருப்பு அறை. சுவரில் ஆளுயரக் கடைவாய்ப் பல் படம், அதன் கீழே இருபத்திரண்டு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். ட்ரீம் பாப் என்று இதற்குப் பெயர் வேறு. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. குளியலறையில் நீராவி பாடினால் இப்படித்தான் இருக்கும்.

"வேர் சிகிச்சைக்கு ரெண்டாவது ஆல்பம்தான் தோது தம்பி. வாயைத் திறந்தபடியே தூங்கிடுவாங்க" என்றார் டாக்டர். வைத்தியரே சாட்சி.

அப்புறம் உன் தோழி, அந்த நூலகர், கையில் ஒரு பட்டியலோடு வந்தாள். நான் தொடக்கூடாத இடங்கள், மொத்தம் நாற்பத்தொன்று.

"மூணாவது பாட்டு, ரெண்டு நிமிஷம் பத்து செகண்டுல நாற்காலி கிறீச்சுங்கும். அதுல கை வைக்காதீங்க."

"அது கோளாறுங்க."

"அது அவங்க எழுந்து போறது."

"பாடுறவங்க எழுந்து போனா பாட்டை யாரு பாடுறது?"

"அதானே பாட்டே!"

பட்டியலை வாங்கிக்கொண்டேன். நாடாவையும் வாங்கிக்கொண்டேன். வாங்கியதற்கு அடையாளமாக மூன்று இடத்தில் கையெழுத்து. இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் நாள் மே 30. அதற்குள் முடித்துத் தருகிறேன். உன் நிபந்தனை ஞாபகம் இருக்கிறது, திரும்ப எழுதாதே.

வேலை தலைக்கு மேல் கிடக்கிற,
தம்பி


பிப்ரவரி 24

திருப்புளிக்கு,

ஜலதோஷம் இறங்கிவிட்டது, சமையல்காரருக்கு ஏறிவிட்டது. அம்மாவை மாடியில் துணி காயப்போட விடாதே.

நாற்காலியைக் கேலி செய்யாதே. ஒரு சலவைக்கடையின் பின்னறையில், மூன்று பேர், ஒரே ஒரு பதிவு இயந்திரத்தை வைத்துக்கொண்டு எடுத்த ஆல்பம் அது. அதற்கப்புறம் கிட்டார் தூக்கிய பிள்ளைகள் எல்லோரும் அதைக் கேட்டுத்தான் தூக்கினார்கள். தந்தியைச் சுருதியில் அரைக் கட்டை இறக்கிக் கட்டுவார்கள், கவனித்திருக்கிறாயா? அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? 'ஈரம் காயுமுன்'தான். அந்தக் கனமான, நிதானமான குரலுக்குக் கிட்டாரும் கீழே இறங்கி வந்தால்தான் பொருந்தும்.

எனக்குப் பதினாறு வயதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டு கிடந்தது உனக்கு நினைவிருக்கும். 'அக்கா அறையில் ஃபேன் ரிப்பேர்' என்று அம்மாவிடம் போய்ச் சொன்னவனாயிற்றே நீ. ஏன் கேட்டேன் என்பது உனக்கு வேண்டாம்.

நாடா எப்படி இருக்கிறது? பூஞ்சை ஏதும் இல்லையே?

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் சௌக்கியம். அம்மாவின் துணி இப்போது பால்கனியில் காய்கிறது. நீ சொன்னதாகச் சொன்னதும் கேட்டுக்கொண்டார். நான் மூன்று மாதமாகச் சொன்னேன்.

பூஞ்சை இல்லை. நாடாவை ஏற்றியாயிற்று. நாற்காலி கிறீச்சிடுகிறது. ஐந்தாவது பாட்டில் யாரோ இருமுகிறார்கள், எட்டாவதில் கெட்டில் கொதிக்கிறது. நாற்பத்தொன்றும் பத்திரம், ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டேன். நூலகரும் பக்கத்தில் உட்கார்ந்து டிக் அடித்தாள். ஒரு பட்டியலை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அலுவலகத்தில் நான் இதையே சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. அவள் டீயில் சர்க்கரை போடுவதில்லை. ஒரு பென்சிலை இரண்டு விரல் நீளத்துக்குக் குறைகிற வரை எழுதுகிறாள். உனக்குத் தெரிந்திருக்கும்.

அவள் போன பிறகு ஒரு சின்ன அளவுதிருத்தம் மட்டும் தேவைப்பட்டது, செய்தேன். மாதிரித் தட்டு ஆலைக்குப் போயிருக்கிறது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

தம்பி


ஏப்ரல் 4

திருப்புளி,

நலம். நலமா?

சின்ன அளவுதிருத்தம் என்றால் என்ன?

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நான் அவ்வளவு நலம் இல்லை. ஒரு படகைத் தவறவிட்டது வேண்டுமென்றேதான்.

சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகவே எழுதுகிறேன். நாடா முழுக்க அடியில் ஒரு 'ம்ம்ம்' ஓடுகிறது. மின்சாரத்தின் முனகல். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும், எல்லாக் கருவியிலும் அந்த ஐம்பது கேட்கும். உங்கள் நாடாவில் அளந்தேன். நாற்பத்தேழு. ஐம்பது எப்படி நாற்பத்தேழாகும்? ஒரே வழிதான். பதிவு செய்த அன்று அவர்கள் இயந்திரம் வேகமாக ஓடியிருக்கிறது. அதனால் மற்ற எல்லா இயந்திரத்திலும் பாட்டு மெதுவாக இழுக்கிறது, குரல் அரைக் கட்டை கீழே விழுகிறது. நீங்கள் அத்தனை பேரும் பதினெட்டு வருடமாகத் தப்பான வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு சத்தத்தையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு மகிழ்ந்து போவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிறு கூட்டத்தில் மாதிரித் தட்டைப் போட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். பத்து நொடி. ஒவ்வொருவராகத் திறந்தார்கள். டாக்டர் ஊசியைத் தூக்கிவிட்டு, தட்டு மாறிவிட்டதா என்று உறையைப் புரட்டிப் பார்த்தார்.

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் ஒருவர்.

நான் எழுந்து விளக்கினேன். வரைபடம்கூடக் கொண்டுபோயிருந்தேன். முடித்ததும் நூலகர் கேட்டாள்: "உங்க அக்கா என்ன எழுதிக் குடுத்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நான் எதையும் மாத்தலைங்க. இருந்த தப்பை எடுத்தேன்."

"அவங்க பேரைக் கெடுத்துட்டு வரைபடம் காட்டுறீங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவைக்கூட அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

பாடகியிடம் மறைக்க முடியாது என்கிறார் டாக்டர். உன் வார்த்தை பொய்த்துவிட்டது என்று அவர் நாடாவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் ஆல்பம் இல்லை.

கணக்கு சரி, அக்கா. ஆனால் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

தம்பி


மே 5
வானிலை நிலையம்

காற்று வடமேற்கு, வேகம் 22 நாட். அலை இரண்டரை மீட்டர். அழுத்தம் குறைந்துகொண்டிருக்கிறது. பார்வைத் தூரம் குறைவு.

அம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் சொன்னேன். 'உனக்குத் தனியாக ஒன்றும் எழுதவில்லையா' என்று கேட்டார். எழுதியிருக்கிறாள், காற்றைப் பற்றி என்றேன். 'அப்படின்னா நீ ஏதோ பண்ணியிருக்க' என்றார். நம் வீட்டில் எனக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

நூலகர் போன வாரம் என் அலுவலகத்துக்கே வந்தாள். மேஜையில் பதினொரு ஆல்பங்களை அடுக்கினாள். எல்லாம் 'கண்ணாடி மூச்சு'க்குப் பின்னால் வந்த குழுக்கள். "அளக்கத்தானே தெரியும் உங்களுக்கு? அளங்க" என்றாள். தராசு சோதிக்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு அளந்தேன். பதினொன்றும் அரைக் கட்டை கீழே.

ஒரு கருவி மட்டும் விலகிக் காட்டினால் கருவியில் தப்பு. எல்லாக் கருவியும் அதைப் பார்த்தே கட்டப்பட்டிருந்தால் அதற்குப் பெயர் அளவுகோல். இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். சில வருடம் முன்புவரை ஒரு கிலோ என்றால் என்ன? பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்த ஒரு உலோக உருளை. பிரதிகளோடு ஒப்பிட்டபோது தூசி அளவு வித்தியாசம் வந்தது. உருளை தேய்ந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடிந்ததா? முடியாது. கிலோ என்றாலே அதுதான். மற்றதெல்லாம் கனத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

நாடாவை மறுபடி ஏற்றிவிட்டேன், நாற்பத்தேழிலேயே. இன்னொரு மாதிரித் தட்டும் தயார். சனிக்கிழமை பாடகியிடம் போகிறோம். இரண்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். உன்மேல் தப்பில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன்.

பதில் போடாவிட்டாலும் ஆவி பிடி.

தம்பி


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உட்கார்ந்துகொண்டு படி.

பாடகி இப்போது என்ன செய்கிறார் என்று நீ சொல்லவே இல்லையே! நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் வாசலிலேயே கேட்டுவிட்டது: "காலை அடி! காலை அடி! தண்ணி உன்னைக் கடிக்காது!" அந்தக் கிசுகிசுப்புக் குரலின் சொந்தக்காரர் இவர்தானாம். டாக்டருக்கே முகம் வெளுத்துவிட்டது.

குளத்தின் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் டாக்டர் தூக்கிவந்த தட்டு சுழலி, கழுத்தில் விசில். "நான்தான் மாத்தினேன். அக்காவுக்குத் தெரியாது" என்றேன். "அதை அப்புறம் பேசலாம். முதல்ல போடு" என்றார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் தட்டை, ஐம்பதை, முதலில் கேட்டார். முதல் பாட்டு முழுக்க ஓடியது. தண்ணீரில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள், அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"யாருப்பா இது?"

"நீங்கதாங்க."

"எங்கம்மா அப்பவே சொன்னாங்க. 'டேப்புல பாடுறது நீ இல்லடி, வேற யாரோ'ன்னு. நாங்க சிரிச்சோம்."

பிறகு சொன்னார். அன்றே அவர்களுக்குத் தெரியுமாம். பதிவை முடித்து வேறொரு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தபோதே இழுத்திருக்கிறது. திரும்ப எடுக்கலாம் என்றால், சத்தம் தாங்காமல் சலவைக்கடைக்காரர் அன்று சாயங்காலமே பின்னறையைப் பூட்டிவிட்டார். ஒரு வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"கேக்கக் கேக்க ஒண்ணு புரிஞ்சுது. இழுத்து இழுத்துப் பாடுற அந்தப் பொம்பளை என்னைவிட நல்லாப் பாடுறா. விட்டுட்டோம். அப்புறம் மேடையில அவளை மாதிரி பாடத்தான் நான் படாதபாடு பட்டேன். கிட்டாரையெல்லாம் இறக்கிக் கட்டினது அதுக்குத்தான்."

நூலகர் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"அப்ப எதைங்க போடுறது?" என்றார் டாக்டர்.

"இதென்ன கேள்வி? ஆல்பம் அவளோடது. அவளைப் போடுங்க." என் தட்டை மட்டும் உறையிலிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "இதை நான் எடுத்துக்கறேன். பத்தொம்போது வயசுல என் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு."

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "மயிரிழை மாறாதுன்னு எழுதிக் குடுத்தது உங்கக்காதானே? மாறலைன்னு எழுதிடு. எழுதுறப்ப உன் மண்டையில ஒரு குட்டும் வச்சுக்கோ, என் சார்பா." உடனே விசிலை ஊதினார். எனக்குக் காது அடைத்துப் போயிற்று.

ஆகவே எழுதுகிறேன். மாறவில்லை, அக்கா. மே 30 ஆலைக்குப் போகிறது. குட்டு வைத்தது நூலகர்.

தம்பி


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, முழங்கால், நான், நலம். மூன்று படகிலும் உன் காற்றுக் குறிப்பு மட்டும்தான் வந்தது, பதினோரு நாட், எட்டு நாட், நான்கு நாட். உன் காற்று கொஞ்சம் தணிந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

முந்நூறும் வந்துவிட்டது, பத்து நாளில் தீர்ந்தும்விட்டது. காத்திருப்பு அறையில் இடம் போதாமல் சிகிச்சை நாற்காலியிலும் ஒருவர் படுத்துக் கேட்டார். எனக்கு இந்தக் குழு பிடித்துவிட்டது என்று நீ எதிர்பார்க்காதே. ஏழாவது பாட்டு மட்டும் பரவாயில்லை. மூன்றாவதும். அந்த நாற்காலி இல்லாவிட்டால் மூன்றாவது நிற்காது, அது கட்டமைப்பு விஷயம்.

இத்துடன் உன் தட்டு. தீவில் சுழலி இல்லை என்று நூலகர்தான் ஞாபகப்படுத்தினாள், அதுவும் பெட்டியில் இருக்கிறது. என் கையால் பழுதுபார்த்தது. பெட்டி கட்டியது அவள், அதனால் பிரிக்க அரை நாள் ஆகும்.

சுழலியின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் ஒன்று உண்டு. ஆல்பத்தின் கோட்டில் நிறுத்தி, எங்கள் அலுவலக முத்திரைத் தாள் ஒட்டியிருக்கிறேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு கீறியிருக்கிறது. அது என்ன என்று உனக்குத் தெரியும். தாளைக் கிழிப்பதும் கிழிக்காததும் உன் இஷ்டம். இந்த முறை நான் முடிவு செய்யவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள திருப்புளிக்கு,

நான் சௌக்கியம். எல்லோரையும் கேட்டதாகச் சொல். நூலகரைத் தனியாகக் கேட்டதாகச் சொல், ஏற்கெனவே ஒவ்வொரு கடிதத்திலும் நீயே கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாலும்.

கோபமாகத்தான் இருந்தேன். கையெழுத்து ஒரு காரணம். இன்னொன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. பதினாறு வயதில் நுழைவுத் தேர்வில் தோற்றேனே, அப்போது நீங்கள் எல்லோரும் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஆல்பத்தில் ஒரு பெரிய மனுஷி இருந்தாள். எல்லாம் பார்த்தவள், எதற்கும் அவசரப்படாதவள். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி பாடுவாள். நாலு மாதம் அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டாள். நீ அவளைத்தான் தப்பு என்று அளந்து சொன்னாய்.

தட்டு வந்த அன்று கோட்டில் வைத்தே கேட்டேன். அவளேதான். அப்படியே இருந்தாள். அழுதேன், ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாலு நாள் அந்த முத்திரைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்று மத்தியானம் கிழித்தேன்.

இரண்டாவது கோடு. அதே பாட்டு. அந்தப் பெரிய மனுஷியைக் காணோம். ஒரு சின்னப் பெண். உன்னைவிட எட்டு வயது சின்னவள். வரி முடியுமுன் மூச்சு முடிந்துவிடுமோ என்று அவசரப்படுகிறாள், மேல் சுரத்துக்குப் போகுமுன் ஒரு நொடி தயங்குகிறாள். இத்தனை வருடம் நான் நிதானம் என்று நினைத்ததெல்லாம் அவளுடைய தயக்கம், இழுத்துக் கேட்டது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. நான் பயந்து படுத்திருந்தபோது எனக்குத் துணையாக வந்தவளும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

சமையல்காரர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"யாருங்க பாடுறது? அன்னிக்குப் போட்டீங்களே, அந்தம்மா இல்லையே?"

"அந்தம்மாதான். சின்ன வயசுல."

கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "பயந்து பயந்து பாடுது, பாவம்."

"ஆமாங்க."

"ஆனா ஒரு இடத்துலயும் நிறுத்தலை பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அன்புடன்,
அக்கா